எண்ணிலிருந்து பெயருக்கு: தற்கால உலகில் உரோமன் எண்களின் நிலைபேறு

ஆய்வுச் சுருக்கம்

கணக்கிடும் கருவி என்ற நிலையில் உரோமன் எண்கள் ஐரோப்பாவிலேயே வழக்கிழந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும் அரசர் பெயர், கடிகார முகப்பு, ஒலிம்பிக் விளையாட்டு, வேதியியல், மருத்துவம், அரசியலமைப்புச் சட்டம் எனப் பல துறைகளில் அவை இன்றும் வழங்குகின்றன. இந்நிலைபேற்றுக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அளவைக் குறிக்கும் பணியை இந்திய-அரபு எண்களிடம் இழந்த உரோமன் எண்கள், வரிசையில் ஓர் இடத்துக்குப் பெயரிடும் பணியைப் பெற்றன என்பதும், அப்பணி தேவைப்படாத இடங்களில் அவை பின்வாங்கின என்பதும் சான்றுகளுடன் நிறுவப்படுகின்றன. இம்முடிவு தமிழ் எண்களின் இன்றைய நிலையோடு ஒப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உரோமன் எண்கள், இந்திய-அரபு எண்கள், இடமதிப்பு, வரிசைப்பெயர், தமிழ் எண்கள்.

முன்னுரை

ஓர் எண்முறை வழக்கொழிவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் அதனினும் எளிய முறை ஒன்று வந்தமை என்பதாகும். இக்கருத்தின்படி, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் ஏற்பில்லாத உரோமன் எண்கள் முற்றிலும் மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மின்னணுக் கணிப்பொறியின் காலத்திலும் பள்ளிச் சிறுவர்கள் அவற்றைக் கற்கின்றனர். பிரான்சு, இத்தாலி, இசுபெயின், உருசியா ஆகிய நாடுகளில் நூற்றாண்டுகளை அவற்றால் எழுதுவதே மரபு.

இதனைப் பழமைப் பற்று என்று விளக்கிவிடுவது எளிது. ஆனால் பழமைப் பற்று மட்டும் காரணமாயின், 1919இல் ஒரு வேதியியலாளரும், 1950களில் இரத்தவியல் அறிஞர்களும் புதிதாகத் தோன்றிய தேவைகளுக்கு அவ்வெண்களைத் தேர்ந்தது ஏன் என்ற வினா எஞ்சி நிற்கும். அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்முறையின் அமைப்பு

உரோமன் எண்முறை ஏழு எழுத்துகளால் ஆனது. ஐ (1), வி (5), எக்ஸ் (10), எல் (50), சி (100), டி (500), எம் (1000) என்பன அவை. பெரிய மதிப்புடைய எழுத்தை முதலிலும் சிறியதைப் பின்னரும் எழுதிக் கூட்டுவது இதன் அடிப்படை. சிறிய எழுத்து பெரியதற்கு முன் நின்றால் கழிக்க வேண்டும் என்பது அடுத்த விதி. இவ்விதியின்படி 4 என்பதை ஐ-வி எனவும், 40 என்பதை எக்ஸ்-எல் எனவும் எழுதுவர்.

இன்றைய பாடநூல்கள் கற்பிக்கும் அளவுக்கு இவ்விதிகள் பண்டை உரோமில் இறுக்கமாக இருக்கவில்லை. உரோம் நகரின் கொலோசிய அரங்கில் நுழைவாயில்களின் மேல் பொறிக்கப்பட்ட எண்கள் இதற்குச் சான்று. அங்கு 44ஆம் வாயில் எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ எனக் குறிக்கப்பட்டுள்ளது. நாற்பதுக்குக் கழித்தல் முறையும் நான்குக்குக் கூட்டல் முறையும் ஒரே எண்ணில் அமைந்துள்ளன. பார்வையாளர் தமக்குரிய வாயிலைக் கண்டறிய உதவிய இக்குறிகள் எவற்றையும் அளப்பதற்கானவை அல்ல. வாயில்களை வேறுபடுத்திக் காட்டுவதற்கானவை. பின்னாளில் இவ்வெண்களுக்கு உரியதாகிய பணியின் தொன்மையான வடிவத்தை இங்கே காணலாம்.

இவ்வெண்களைக் கொண்டு உரோமானியர் எவ்வாறு கணக்கிட்டனர் என்ற ஐயம் எழலாம். கணக்கிடல் கணக்குப் பலகையிலும் மணிச்சட்டத்திலும் நிகழ்ந்தது. எண்கள் விடையைப் பதிவுசெய்யவே பயன்பட்டன. பலகையின் ஒவ்வொரு வரிசையும் ஒன்று, பத்து, நூறு எனத் தன் மதிப்பைத் தானே கொண்டிருந்தமையால், எழுத்தில் இடமதிப்போ சுழியமோ தேவைப்படவில்லை. ஆகவே உரோமன் எண்கள் கணக்குக்கு உதவாதவை என்ற குற்றச்சாட்டு ஓரளவே பொருந்தும். செய்கருவியாகப் பலகையும் பதிவுக்கருவியாக எண்ணும் தனித்தனியே இயங்கிய காலத்தின் படைப்பு அது.

இந்திய எண்களின் வருகை

இந்தியாவில் உருவான ஒன்பது குறிகளும் சுழியமும் கொண்ட இடமதிப்பு முறை, செய்கருவியையும் பதிவுக்கருவியையும் ஒன்றாக்கியது. எழுதும் தாளே கணக்குப் பலகை ஆயிற்று. பொ.ஆ. 662இலேயே சிரிய நாட்டு ஆயர் செவேரசு செபோக்து இந்தியரின் ஒன்பது குறிகளைப் புகழ்ந்து எழுதியுள்ளார். அரபு அறிஞர் வழியாக ஐரோப்பாவை அடைந்த இம்முறையை, பீசா நகரத்து லியோனார்டோ பிபொனாச்சி 1202இல் தாம் இயற்றிய ‘லிபேர் அபாச்சி’ நூலின் வாயிலாக வணிகர்களிடையே பரப்பினார்.

எனினும் மாற்றம் உடனே நிகழவில்லை. 1299இல் புளோரன்சு நகர நாணய மாற்றுநர் சங்கம், தன் உறுப்பினர் கணக்கேடுகளில் புதிய எண்களைப் பயன்படுத்துவதைத் தடைசெய்து, தொகைகளை எழுத்தால் எழுதுமாறு விதித்தது. புதிய எண்களை எளிதில் திருத்திவிடலாம் என்பதே இத்தகைய தடைகளுக்கு ஆய்வாளர் பொதுவாகக் கூறும் காரணம். சுழியத்தின் மேல் ஒரு கோடு சேர்த்தால் அது ஆறாகும். கீழே ஒரு கோடு இழுத்தால் ஒன்பதாகும். உரோமன் எண்களிலும் இறுதியில் ஒரு கோட்டைச் சேர்த்துத் தொகையைக் கூட்ட இயலும். அதனைத் தடுக்க, கடைசி ஐ எழுத்தை ஜே எழுத்தைப் போல் கீழ்நோக்கி நீட்டி எழுதும் வழக்கம் இடைக்கால எழுத்தரிடையே நிலவியது. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் இன்றைய வழக்கமும் இதே அச்சத்திலிருந்து பிறந்த காப்புதான்.

1503இல் கிரெகோர் இரைசு வெளியிட்ட ‘மார்கரிட்டா பிலோசோபிகா’ என்னும் நூலில் உள்ள ஒரு மரச்செதுக்கு ஓவியத்தில், கணிதத் தேவதையின் ஒருபுறம் போயத்தியசு புதிய எண்களைக் கொண்டு கணக்கிடுகிறார். மறுபுறம் பித்தாகரசு கணக்குப் பலகையின் முன் அமர்ந்துள்ளார். தேவதையின் பார்வை போயத்தியசின் பக்கம் திரும்பியுள்ளது. வரலாற்றின் போக்கை இவ்வோவியம் சரியாகவே காட்டுகிறது. ஆயினும் வணிகமும் அறிவியலும் புதிய எண்களை ஏற்றபின் உரோமன் எண்கள் விட்டுச்சென்றது கணக்கேட்டை மட்டுமே. வேறொரு பணியில் அவை தொடர்ந்தன.

அரசரும் திருத்தந்தையரும்

ஒரே பெயருடைய அரசர்களை வேறுபடுத்துவது அப்பணிகளுள் மிகவும் அறியப்பட்டது. இங்கு எண் பெயரின் உறுப்பாகிவிடுகிறது. உறுப்பாகிவிட்ட எண் உரிமையையும் பேசும் என்பதற்கு இசுகாட்லாந்து நிகழ்வு ஒன்று சான்றாகும். 1952இல் அரியணையேறிய அரசி இரண்டாம் எலிசபெத் என அழைக்கப்பட்டார். முதலாம் எலிசபெத் இசுகாட்லாந்தை ஆண்டவர் அல்லர். இசுகாட்லாந்துக்கு எலிசபெத் என்ற பெயரில் அதற்குமுன் அரசி எவரும் இல்லை. எனவே அரசியின் முத்திரையில் இருந்த இரண்டு கோடுகள் தம் வரலாற்றை மறைப்பதாக இசுகாட்லாந்தினர் பலர் கருதினர். அம்முத்திரை பொறித்து எடின்பரோ நகரின் இஞ்சு பகுதியில் வைக்கப்பட்ட அஞ்சல் பெட்டி 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அவ்வெண்ணை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு தோல்வியுற்றது. எனினும் அதன்பின் இசுகாட்லாந்தின் அஞ்சல் பெட்டிகளில் எண் தவிர்க்கப்பட்டு, அந்நாட்டு மணிமுடியின் உருவம் மட்டும் இடம்பெற்றது. அளவைக் குறிக்கும் எண்ணாக இருந்திருந்தால் அந்த இரண்டு கோடுகள் இத்தகைய சினத்தை மூட்டியிரா. யாருடைய வரிசையில் எண்ணுவது என்பதே அங்கு வழக்காயிற்று. இதற்கு முன்னோடியாக, 1603இல் இரு நாடுகளுக்கும் அரசரான ஜேம்சு, இசுகாட்லாந்தில் ஆறாம் ஜேம்சு எனவும் இங்கிலாந்தில் முதலாம் ஜேம்சு எனவும் ஒரே காலத்தில் இரண்டு எண்களைத் தாங்கினார்.

திருத்தந்தையர் வரிசையிலும் எண் தீர்ப்பாகச் செயல்படுகிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சபை பிளவுபட்டிருந்த காலத்தில், இருபத்துமூன்றாம் யோவான் என்ற பெயரை ஒருவர் சூடியிருந்தார். 1958இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அதே பெயரையும் எண்ணையும் ஏற்றார். முன்னவர் வரிசையில் இடம்பெறாதவர் என்பது இதனால் உறுதியாயிற்று. அதே வரிசையில் இருபதாம் யோவான் என்று எவரும் இல்லை. இடைக்காலத்தில் நேர்ந்த எண்ணிக்கைக் குழப்பத்தால் 1276இல் பதவியேற்றவர் இருபத்தொன்றாம் யோவான் என்று பெயர் சூடினார். அவ்வெண் இன்றுவரை திருத்தப்படவில்லை. எண்ணிக்கையில் நேர்ந்தால் பிழையாவது, பெயரில் நேரும்போது மரபாகிவிடுகிறது.

ஒலிம்பியாட் கணக்கு

இவ்வேறுபாட்டை ஒலிம்பிக் விளையாட்டுகளில் மேலும் தெளிவாகக் காணலாம். ஒலிம்பியாட் என்பது நான்கு ஆண்டுகள் கொண்ட காலப்பகுதி. 1896 முதல் அது இடையறாது எண்ணப்படுகிறது. போட்டி நடந்தாலும் நடவாவிட்டாலும் எண் நகரும். முதல் உலகப்போரால் 1916ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. ஆறாம் ஒலிம்பியாட் என்ற எண் அதற்கே உரியது. இரண்டாம் உலகப்போரால் 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளும் நடைபெறவில்லை. ஆகவே 1936இல் பெர்லினில் நடந்தது பதினோராவது. அடுத்து 1948இல் இலண்டனில் நடந்தது பதினான்காவது. குளிர்கால விளையாட்டுகளோ நடந்தவற்றை மட்டும் எண்ணுகின்றன. அவற்றில் 1936ஆம் ஆண்டுப் போட்டி நான்காவது. 1948ஆம் ஆண்டுப் போட்டி ஐந்தாவது.

இரண்டு வரிசைகளும் உரோமன் எண்களாலேயே எழுதப்படுகின்றன. ஒன்று காலத்துக்குப் பெயரிடுகிறது. மற்றொன்று நிகழ்வுக்குப் பெயரிடுகிறது. நடைபெறாத போட்டிகளின் எண்கள் வரிசையில் வெற்றிடமாக நின்று, போர் விழுங்கிய ஆண்டுகளை நினைவூட்டுகின்றன.

அறிவியலில் இரண்டாம் வரிசை

அறிவியல் நூலின் ஒரு பக்கத்தில் இந்திய-அரபு எண்கள் நிறைந்திருக்கும். அங்கு வேறு வகையான எண் ஒன்றைக் குழப்பமின்றிக் காட்ட, தோற்றத்திலேயே வேறுபட்ட ஒரு குறி தேவைப்படுகிறது. உரோமன் எண்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

செருமானிய வேதியியலாளர் ஆல்பிரெட் இசுடாக் 1919இல் முன்மொழிந்த பெயரிடு முறையில், தனிமத்தின் ஆக்சிஜனேற்ற நிலை அடைப்புக்குறிக்குள் உரோமன் எண்ணால் குறிக்கப்படுகிறது. இரும்பின் இரு நிலைகளும் இரண்டு, மூன்று என்ற எண்களால் வேறுபடுத்தப்படுகின்றன. சேர்மத்தின் வாய்பாட்டில் அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் எண்ணோடு இது கலந்துவிடாது. நிறமாலையியலில் அதே குறிகள் வேறு பொருள் தருகின்றன. அங்கு ஒன்று என்பது மின்சுமையற்ற அணுவையும், இரண்டு என்பது ஓர் எலக்ட்ரானை இழந்த அணுவையும் குறிக்கும். எனவே வானியலாளர் மூன்று என்று எழுதும் இரும்பு, வேதியியலாளருக்கு இரண்டு ஆகும். அளவை நேரடியாகச் சுட்டும் எண்ணாயின் இத்தகைய வேறுபாட்டுக்கு இடமிராது. ஒவ்வொரு துறையும் தன் வரிசையைத் தானே தொடங்குவதால்தான் இது நேர்கிறது.

நிலநடுக்கவியலும் இவ்வாறே. மெர்க்காலி அளவுகோல் ஓரிடத்தில் உணரப்படும் அதிர்வின் கடுமையை ஒன்று முதல் பன்னிரண்டு வரை உரோமன் எண்களால் தரப்படுத்துகிறது. 1935இல் இரிக்டர் வகுத்த அளவோ நிலநடுக்கத்தின் வலிமையைக் கருவிகளின் பதிவிலிருந்து கணக்கிட்டுத் தசமப் புள்ளியுடன் தருகிறது. ஒரு நிலநடுக்கத்துக்கு வலிமை எண் ஒன்றே. கடுமை எண்ணோ ஊருக்கு ஊர் மாறும். ஆறுக்கும் ஏழுக்கும் இடையே பின்னம் எழுத இடந்தராத உரோமன் குறி, இது படிநிலை என்பதைப் படிப்பவருக்குத் தானே உணர்த்துகிறது. கணக்கிடலில் குறையாக இருந்தது இங்குத் தகுதியாகிறது.

மருத்துவத்தில் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகள் உரோமன் எண்களால் சுட்டப்படுகின்றன. இரத்த உறைதல் காரணிகளின் வரலாறு இன்னும் குறிப்பிடத்தக்கது. ஒரே பொருளை வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு பெயர்களால் அழைத்ததால் எழுந்த குழப்பத்தைப் போக்க, 1950களில் பன்னாட்டுக் குழு ஒன்று அவற்றுக்கு உரோமன் எண்களை வழங்கத் தொடங்கியது. இவ்வெண்கள் செயல்படும் வரிசையைக் காட்டுவதில்லை. உறைதலின் இறுதிக் கட்டத்தில் மாற்றமடையும் பைப்ரினோஜனே முதல் காரணி. எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. எந்தக் காரணியைச் செலுத்துவது என்பது நோயாளியின் உயிரோடு தொடர்புடையதாதலின், குழப்பமற்ற பெயர் இங்கு உயிர்காக்கும் தேவையாகும். ஆறாம் காரணி என்று கருதப்பட்டது ஐந்தாம் காரணியின் செயலூக்கம் பெற்ற வடிவமே எனப் பின்னர்த் தெரியவந்தது. அவ்வெண் நீக்கப்பட்டது, ஆயினும் ஏழாவது ஆறாவதாக மாற்றப்படவில்லை.

சட்டத்தில் வெற்றிடம்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் உறுப்புகள் இந்திய-அரபு எண்களாலும் பகுதிகள் உரோமன் எண்களாலும் குறிக்கப்படுகின்றன. அடிப்படை உரிமைகள் மூன்றாம் பகுதியில் உள்ளன. 1976இல் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டபோது, அடுத்த பகுதிகளின் எண்கள் மாறாதிருக்க, நான்கு-அ என்ற பகுதி உருவாக்கப்பட்டது. 1956இல் ஏழாம் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்ட ஏழாம் பகுதி இன்றும் வெற்றிடமாக உள்ளது. அதே திருத்தத்தால் நீங்கிய ஒன்பதாம் பகுதியின் இடத்தில், 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தத்தால் ஊராட்சிகள் இடம்பெற்றன.

இருபதாம் யோவான், ஆறாம் ஒலிம்பியாட், ஆறாம் காரணி, ஏழாம் பகுதி ஆகிய நான்கும் வெவ்வேறு துறைகளைச் சார்ந்தவை. இந்நான்கு வரிசைகளிலும் வெற்றிடம் நிரப்பப்படாமல் மதிக்கப்படுகிறது. எண்ணிக்கையில் வெற்றிடத்துக்கு இடமில்லை. பெயர்களின் வரிசையில் உண்டு. உரோமன் எண்கள் இங்குப் பெயர்களாகவே இயங்குகின்றன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

பின்வாங்கிய இடங்கள்

பெயரிடும் தேவை இல்லாத இடங்களிலும், ஒரே பெயர் இரு பொருள் தரும் இடங்களிலும் உரோமன் எண்கள் நிலைக்கவில்லை. தனிம வரிசை அட்டவணையின் தொகுதிகள் நீண்டகாலம் உரோமன் எண்ணோடு ஏ, பி எழுத்துகளைச் சேர்த்துக் குறிக்கப்பட்டன. அமெரிக்க வழக்கும் ஐரோப்பிய வழக்கும் அவ்வெழுத்துகளை வெவ்வேறு வகையில் பயன்படுத்தின. போரான் தொகுதி ஒன்றில் மூன்று-ஏ, மற்றொன்றில் மூன்று-பி. இக்குழப்பத்தைத் தீர்க்க, தனி மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1980களின் பிற்பகுதியில் 1 முதல் 18 வரையிலான எண்களைப் பரிந்துரைத்தது.

நீளமும் ஒரு தடை. 1888 என்ற ஆண்டை எழுதப் பதின்மூன்று எழுத்துகள் வேண்டும். 2000க்கு இரண்டே போதும். எண்ணின் பருமைக்கும் எழுத்தின் நீளத்துக்கும் தொடர்பில்லாமையால், திரைப்படங்களின் இறுதியில் உரோமன் எண்களால் காட்டப்படும் பதிப்புரிமை ஆண்டைப் பலரும் படிக்காமலே கடந்துவிடுகின்றனர். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் போட்டி, பருவம் தொடங்கும் ஆண்டும் இறுதிப் போட்டி நடக்கும் ஆண்டும் வேறுபடுவதால் உரோமன் எண்ணால் வழங்கப்படுகிறது. 2016இல் ஐம்பதாவது போட்டிக்கு மட்டும் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. எல் என்ற ஒற்றை எழுத்து தனித்து நின்றால் எண்ணாகத் தோன்றாது என்பதே இடர். மறு ஆண்டே பழைய வழக்கம் திரும்பியது.

கடிகார முகப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கு எண்ணின் இடமே நேரத்தைச் சொல்லிவிடுவதால், குறி அழகுக்குரியதாகிறது. பெரும்பாலான கடிகாரங்கள் நான்கை நான்கு கோடுகளாகவே எழுதுகின்றன. அதனால் முதல் நான்கு எண்களில் ஐ மட்டும் வருகிறது. அடுத்த நான்கில் வி தோன்றுகிறது. இறுதி நான்கில் எக்ஸ் தோன்றுகிறது. இலண்டன் வெசுட்மினிசுடர் மணிக்கூண்டோ ஐ-வி என்ற வடிவத்தையே கொண்டுள்ளது.

தமிழ் எண்களோடு ஓர் ஒப்பீடு

தமிழ் எண்களும் பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் கொண்டவை. பழைய முறையில் 347 என்பதை ௩௱௪௰௭ என எழுதுவர். சுழியம் இன்றி எழுதும் வகையில் இம்முறை உரோமன் முறையை ஒக்கும். ஆனால் நூற்றின் குறியை மும்முறை எழுதாமல், மூன்று என்ற எண்ணை அதன்முன் நிறுத்திப் பெருக்குவதால் சுருக்கத்தில் அதனை விஞ்சும். அதே எண்ணுக்கு உரோமன் முறையில் எட்டு எழுத்துகளும் தமிழ் முறையில் ஐந்து குறிகளும் தேவை. மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) முதலிய பின்னங்களுக்குத் தனிக்குறிகள் இருந்தமை நிலவரிக் கணக்கிலும் நெல் அளவையிலும் பெரிதும் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் அச்சு நூல்களில் இடமதிப்பு முறையிலும் தமிழ் எண்கள் எழுதப்பட்டன.

இத்துணை வளம் இருந்தும் தமிழ் எண்கள் அன்றாட வழக்கிலிருந்து நீங்கின. கணக்கிடும் பணியை இழந்தது இரு எண்முறைகளுக்கும் பொது. உரோமன் எண்களுக்குப் பின்னர் வாய்த்த பெயரிடும் பணி தமிழ் எண்களுக்கு வாய்க்கவில்லை என்பதே வேறுபாடு. மொரீசியசு நாட்டின் பணத்தாள்களில் தமிழ் எண்கள் இடம்பெறுகின்றன. ஒருங்குறியில் தமிழ் எண்களோடு 2005இல் தமிழ்ச் சுழியமும், 2019இல் பின்னக் குறிகளும் சேர்ந்தன. குறிகளைக் காக்க இவை உதவும்; ஆயினும் காக்கப்படுவதும் வழங்குவதும் வேறு.

தமிழ் நூல்கள் பலவற்றில் முன்னுரைப் பக்கங்கள் இன்றும் உரோமன் எண்களால் எண்ணப்படுகின்றன. நூலின் உடலுக்கு ஒரு வரிசையும் முன்பக்கங்களுக்கு மற்றொரு வரிசையும் தேவை என்பது இதன் காரணம். அவ்விரண்டாம் வரிசைக்குத் தமிழ் எண்களே போதுமானவை. பகுதி, இயல், பின்னிணைப்பு, தொடர் வெளியீடு, மாநாட்டின் வரிசை எண் ஆகியவையும் இத்தகைய இடங்களே. இவற்றில் கணக்கிடல் இல்லை, எண்கள் சிறியவை, தோற்ற வேறுபாடே வேண்டப்படுவது.

முடிவுரை

உரோமன் எண்களின் தற்கால வழக்கு, வென்ற முறைக்குப் பக்கத்தில் தோற்ற முறை தனக்கென ஓர் இடம் தேடிக்கொண்ட வரலாறாகும். அளவைக் குறிக்கும் பணியை இழந்ததனால்தான் பெயரிடும் பணி அவற்றுக்குத் தெளிவாக உரியதாயிற்று. பின்னம் எழுத இயலாமை படிநிலையைக் காட்டவும், தோற்ற வேறுபாடு இரண்டாம் வரிசையை அமைக்கவும் உதவின. குழப்பமோ நீளமோ மிகுந்த இடங்களில் அவை விலகின.

ஓர் எண்முறையின் வாழ்வை அதன் தொன்மையும் பெருமையும் மட்டும் உறுதிசெய்வதில்லை. நாள்தோறும் அது செய்யும் பணியே உறுதிசெய்கிறது. தமிழ் எண்களைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் மீட்டெடுப்பு என்ற சொல்லைச் சுற்றியே நிகழ்கிறது. கணக்கேட்டுக்கும் கணிப்பொறிக்கும் அவற்றைத் திருப்பிக் கொணர்வது இயலாததாக இருக்கலாம். நூலின் முன்பக்கங்களிலிருந்து தொடங்குவதற்குத் தடையேதும் இல்லை.